பிரின்சஸ் ராயல்: ஒரு மெட்டின் ஊரைத் தேடி

செவ்வாய், லண்டன்

"பிரின்சஸ் ராயல்" என்று ஒரு மெட்டு. இங்கிலாந்துக் கிராமத்து ஃபிடில்காரர்கள் தலைமுறை தலைமுறையாக வாசித்து வருவது. கர்நாடக வயலின் கற்ற கையோடு அதை நான் எடுத்துப் பழகிய நாளிலிருந்து அது எங்கே பிறந்தது என்ற கேள்வி விடாமல் துரத்திக்கொண்டே இருக்கிறது, ஏனென்றால் புத்தகத்துக்கு ஒரு ஊர் சொல்கிறார்கள்: லண்டன் நாடக அரங்கம் என்கிறது ஒன்று, அயர்லாந்தின் ராஸ்காமன் என்கிறது இன்னொன்று, ஆக்ஸ்ஃபோர்டுஷயர் கிராமத்துக்காரர்களைக் கேட்டால் எங்கள் மெட்டு என்பார்கள். இந்த வாரம் அந்த ஊர்கள் எல்லாவற்றுக்கும் போகிறேன். அன்றன்றைக்குப் பார்த்ததை அன்றன்றைக்கே எழுதிப் போடுகிறேன்.

கேம்டன் டவுன் சுரங்க ரயில் நிலையத்தில் இறங்கி ரீஜண்ட்ஸ் பார்க் ரோடு பக்கம் நடந்தால் செங்கல் கட்டடமாக செசில் ஷார்ப் ஹவுஸ் நிற்கிறது. 1930இல் திறந்தது. கிராமம் கிராமமாகப் போய் நாட்டுப்புறப் பாட்டும் ஆட்டமும் சேகரித்த செசில் ஷார்ப் 1924இல் இறந்த பிறகு அவர் நினைவாகக் கட்டியது. உள்ளே வான் வில்லியம்ஸ் நினைவு நூலகம். நாட்டுப்புற இசை பற்றி இங்கிலாந்தில் எதைத் தேடினாலும் முதலில் இங்கேதான் வரவேண்டும்.

நான் பார்க்க வந்தது ஜான் வால்ஷ் என்ற லண்டன் பதிப்பாளர் போட்ட நடன மெட்டுப் புத்தகங்கள். 1730ஐ ஒட்டிய காலம். அப்போது லண்டனில் வருஷா வருஷம் புதுப்புது நடன மெட்டுகளை அச்சிட்டு விற்பது நல்ல வியாபாரம். ஒரு பக்கத்தில் மெட்டு, அதன் கீழேயே எப்படி ஆடவேண்டும் என்ற குறிப்பு. இயற்றியவர் பெயர் போடுகிற வழக்கமே கிடையாது. நம் மெட்டு அச்சில் முதலில் தலைகாட்டுவது இந்தக் காலத்துப் புத்தகங்களில்தான். லீட்ஸ் நகரத்து ஃபிராங்க் கிட்சன் என்ற ஆராய்ச்சியாளர்தான் இதைத் தேடிப் பிடித்து எழுதிவைத்தார். அதற்கு முன்னால் எல்லாரும் வில்லியம் ஷீல்ட் என்ற இசையமைப்பாளரின் மெட்டு என்றே நம்பிக்கொண்டிருந்தார்கள். ஷீல்ட் பிறந்தது 1748இல். மெட்டு அச்சேறியபோது அவர் பிறக்கவே இல்லை!

பெயருக்குக் கிட்சன் சொன்ன காரணம் எளிமையானது. இரண்டாம் ஜார்ஜ் மன்னரின் மூத்த மகள் ஆன். அரசரின் மூத்த மகளுக்கு இங்கிலாந்தில் கொடுக்கும் பட்டம் பிரின்சஸ் ராயல். 1727இல் அப்பா அரியணை ஏறினார், 1734இல் ஆரஞ்சு இளவரசருடன் ஆனுக்குக் கல்யாணம். அந்த வருஷங்களில் வந்த நடன மெட்டுக்கு அந்தப் பெயர் வைத்தால் விற்கும். சரி, லண்டன் கட்சியின் வாதம் இவ்வளவுதான். வலுவான வாதம், ஆனால் பெயர் எங்கிருந்து வந்தது என்பதைத்தான் அது சொல்கிறது, மெட்டு எங்கிருந்து வந்தது என்பதை அல்ல.

மதியம் கோவென்ட் கார்டன். இப்போது நிற்கும் ஓப்பரா அரங்கம் 1858இல் கட்டியது, 1796இல் இருந்த அரங்கம் 1808 தீயில் போய்விட்டது. அந்தப் பழைய அரங்கில்தான் 1796இல் 'தி லாக் அண்ட் கீ' என்ற சிறு இசை நாடகம் ஏறியது. வசனமும் பாட்டும் பிரின்ஸ் ஹோர், இசை வில்லியம் ஷீல்ட். அதில் 'தி அரெதூசா' என்று ஒரு கடற்படைப் பாட்டு, கடற்படையில் வேலை பார்த்துவிட்டு மேடைக்கு வந்த சார்ல்ஸ் இன்க்லெடன் பாடினார், ஊரே பிடித்துக்கொண்டது. அந்தப் பாட்டின் மெட்டு நம் பிரின்சஸ் ராயல். ஷீல்ட் செய்தது அதற்குக் கீழே துணையாக ஒலிக்கும் தாழ்ந்த சுரங்களில் ஒரு பேஸ் வரி போட்டது.

பாட்டு சொல்லும் சண்டையைப் பற்றியும் சொல்லவேண்டும். 1778 ஜூன் 17, பிரான்சின் பிரிட்டனி கரைக்கு அருகே அரெதூசா என்ற ஆங்கிலப் போர்க்கப்பலும் பெல் பூல் என்ற பிரெஞ்சுக் கப்பலும் மணிக்கணக்கில் மோதிக்கொண்டன. பாட்டில் ஆங்கிலேயர்கள் பிரெஞ்சுக்காரர்களை விரட்டி அடிக்கிறார்கள். உண்மையில் அரெதூசாவின் நடுப் பாய்மரம் விழுந்து அது விலகிப் போனது, பெல் பூல் தன் கரைக்குப் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது. பாரிஸ் சீமாட்டிகள் அந்த வெற்றியைக் கொண்டாடித் தலைமுடிக் கொண்டையின் உச்சியில் கப்பல் பொம்மை வைத்துக்கொண்டார்கள், அந்தச் சித்திரங்கள் இன்றும் கிடைக்கின்றன. ஆக, வெற்றி தோல்வி விஷயத்திலேயே இப்படிப் பாடிய ஒரு பாட்டின் தலைப்பில் இசையமைத்தவர் என்று அச்சான பெயரை அப்படியே நம்பவேண்டியதில்லை என்பது என் கருத்து.

சாயங்காலம் வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயத்தின் சுற்றுமண்டபம் போனேன். ஷீல்ட் இங்கேதான் அடக்கம், 1829. இசையமைப்பாளர் ஹைடனை லண்டனுக்கு அழைத்து வந்த சாலமனும், பியானோ மேதை கிளெமெண்டியும் இதே சுற்றுமண்டபத்தில்தான் கிடக்கிறார்கள். ஷீல்ட் கெட்டவர் இல்லை, திருடவும் இல்லை. அந்தக் காலத்து நாடகக்காரர்கள் ஊரில் ஓடுகிற மெட்டை எடுத்துப் புது வார்த்தை வைப்பது சாதாரணம், கேட்க வந்தவர்களுக்கும் அது தெரியும். பிற்பாடு வந்த பாட்டுப் புத்தகங்கள்தான் "இசை: ஷீல்ட்" என்று போட்டுப் போட்டு அதை நிலைநாட்டிவிட்டன.

வியாழன், ஸ்வால்வெல்

நேற்று கிங்ஸ் கிராஸிலிருந்து நியூகாசிலுக்கு ரயில். இன்று காலை பேருந்தில் டைன் ஆற்றின் தென்கரை வழியாக ஸ்வால்வெல். ஷீல்ட் பிறந்த ஊர். டெர்வெண்ட் ஆறு டைனில் கலக்கும் இடத்துக்குப் பக்கம், ஒரு காலத்தில் குரோலி குடும்பத்தின் பெரிய இரும்புப் பட்டறைகள் இருந்த இடம், ஆணியும் சங்கிலியும் நங்கூரமும் அடித்துக் கப்பல் கப்பலாக அனுப்பியிருக்கிறார்கள். இப்போது சாலையும் கடைகளும்தான்.

இங்கே ஏன் வந்தேன் என்றால், ஷீல்டின் காதில் நாட்டுப்புற மெட்டுகள் எப்படி ஏறின என்று பார்க்க. அப்பா பாட்டு வாத்தியார், பையனுக்கு ஒன்பது வயதானபோதே இறந்துவிட்டார், பையனைப் படகு கட்டும் வேலை பழகச் சௌத் ஷீல்ட்ஸுக்கு அனுப்பினார்கள். வேலை நேரம் போக வயலின். நியூகாசிலில் சார்ல்ஸ் ஏவிசனிடம் இசை இலக்கணம் கற்றார். ஏவிசனின் கல்லறை நியூகாசில் புனித ஆண்ட்ரூ தேவாலயத்தில் இருக்கிறது, நேற்று மாலையே பார்த்துவிட்டேன். 1817இல் அரசரின் இசைத் தலைவர் பதவி வரை போன மனிதர் இந்தப் பட்டறைக் கரையிலிருந்து கிளம்பியிருக்கிறார்.

இந்தப் பக்கம் பையும் குழலுமாக நார்தம்ப்ரியச் சிறுகுழல் வாசிப்பவர்களும் ஃபிடில்காரர்களும் நிறைந்த நாடு. ஷீல்டின் 'ரோசினா' (1782) நாடகத்தின் முன்னிசை முடியும் இடத்தில், எல்லாரும் புத்தாண்டு இரவில் பாடுகிற அந்த 'ஆல்ட் லாங் சைன்' மெட்டைப் போலவே ஒரு துண்டு வருகிறது. அதை வைத்து அந்த மெட்டும் எங்கள் ஊர்க்காரர் போட்டதுதான் என்று வாதாடுவோர் இந்தப் பக்கம் உண்டு. எனக்கு அது எதிர்ப்பக்கமாகத்தான் படுகிறது: காதில் விழுந்த ஊர் மெட்டை எடுத்து அரங்கில் வைப்பது அவருக்குக் கை வந்த கலை, அரெதூசாவிலும் அதையே செய்தார்.

பக்கத்து மேட்டில் விக்கம். மூச்சு வாங்க ஏறினால் தேவாலய வளாகத்தில் ஷீல்டுக்கு நினைவுச் சின்னம். காற்று நன்றாக வீசியது. அங்கே உட்கார்ந்து வயலினை எடுத்து வாசித்துப் பார்த்தேன். அரெதூசா பாட்டு மைனர், அதாவது நம் காதுக்கு நடபைரவிச் சாயல், முடிப்புகளில் நிஷாதம் உயர்ந்து கீரவாணி எட்டிப் பார்க்கும். போர்ப்பாட்டுக்கு இது பொருந்தாத சோகம் என்று எனக்கு எப்போதும் தோன்றும். 1905இல் ட்ரஃபால்கர் கடற்போரின் நூற்றாண்டுக்காக ஹென்றி வுட் தொகுத்த கடற்பாட்டு மாலையில் இதை யூஃபோனியம் தனியாக வாசிக்கும்படி வைத்திருக்கிறார், லண்டனின் ப்ராம்ஸ் கச்சேரித் தொடரின் கடைசி நாளில் அந்த மாலையைப் பல வருஷம் வாசித்து வந்தார்கள். அந்தப் பெரிய பித்தளைக் குரலில் கேட்டாலும் அந்தச் சோகம் போகாது.

சனி, கில்ரோனன்

நேற்று நியூகாசிலிலிருந்து டப்ளின் பறந்து, இன்று காலை டப்ளின் கானலி நிலையத்தில் ஸ்லைகோ ரயில் பிடித்தேன். பாயில் நிலையத்தில் இறங்கி வாடகைக் கார். வழியில் லாக் கீ ஏரி, அதன் நடுவே தீவில் இடிந்த கோட்டை. மக்டெர்மட் குலத்தின் பழைய இடம் இது. பதினேழாம் நூற்றாண்டில் நிலமெல்லாம் பறிபோன பிறகு குலத்தின் தலைமைக் கிளை கூலாவின் என்ற இடத்துக்கு ஒதுங்கியது. நிலம் போனாலும் பட்டம் போகவில்லை, ஊர்க்காரர்கள் தொடர்ந்து அவரைக் கூலாவின் இளவரசர் என்றே அழைத்தார்கள். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மெட்டின் பெயருக்கு இது வேண்டும்.

அயர்லாந்துக் கட்சியின் ஆள் டர்லோ ஓ'கேரலன். 1670இல் மீத் மாவட்டத்தில் பிறந்தவர். பதினெட்டு வயதில் பெரியம்மை வந்து கண் போயிற்று. மேரி மக்டெர்மட் ரோ என்ற அம்மாள் அவருக்கு ஹார்ப் என்ற யாழ் போன்ற வாத்தியத்தைச் சொல்லிக்கொடுக்க ஏற்பாடு செய்து, குதிரையும் வழிகாட்டும் ஆளும் கொடுத்து அனுப்பினார். அதன் பிறகு வாழ்க்கை முழுவதும் மாளிகை மாளிகையாகப் போய், தங்கிய வீட்டுக்காரர் பெயரில் ஒரு மெட்டுப் போட்டுக் கொடுப்பது. அப்படி இருநூறுக்கும் மேற்பட்ட மெட்டுகள் இன்று மிஞ்சியிருக்கின்றன. உடம்பு முடியாமல் போனபோது ஆல்டர்ஃபோர்டில் அந்த அம்மாள் வீட்டுக்கே திரும்பி வந்து 1738 மார்ச் 25இல் இறந்தார். நான்கு நாள் துக்கம் காத்து, ஹார்ப் வாசிப்பவர்கள் எங்கெங்கிருந்தோ கூடினார்கள்.

கீடியூ கிராமத்தைத் தாண்டி லாக் மீலா ஏரிக்கரையில் கில்ரோனன் இடுகாடு. கூரை போன பழைய தேவாலயம், புல், சாய்ந்த கற்கள். நுழைவாயிலில் அவர் பெயரை வெட்டி வைத்திருக்கிறார்கள். மக்டெர்மட் ரோ குடும்பத்தின் இடத்துக்குப் பக்கத்திலேயே அவரையும் வைத்திருக்கிறார்கள். பாணனையும் புரவலரையும் பக்கத்தில் பக்கத்தில் அடக்கம் செய்த இடம். சங்கப்பாட்டில் படித்த உறவு இங்கே கல்லாக இருக்கிறது, எனக்குச் சற்று நேரம் பேச்சே வரவில்லை.

இப்போது வாதம். எட்வர்ட் பண்டிங் என்பவர் 1792இல் பெல்ஃபாஸ்டில் கூடிய கடைசித் தலைமுறை ஹார்ப் கலைஞர்களிடமிருந்து மெட்டுகளை எழுதியெடுத்தவர், அப்போது அவருக்கு வயது பத்தொன்பது. 1840இல் வெளியிட்ட மூன்றாம் தொகுப்பில் இதே மெட்டை "மிஸ் மக்டெர்மட், அல்லது பிரின்சஸ் ராயல்" என்று போட்டு, மக்டெர்மட் வீட்டுப் பெண்ணுக்காகக் கேரலன் இயற்றியது என்கிறார். கூலாவின் இளவரசரின் மகள் என்றால் செல்லமாக "பிரின்சஸ் ராயல்" என்று சொல்லியிருக்கலாம். கச்சிதமாகப் பொருந்துகிறது இல்லையா? லண்டனில் உள்ள உண்மையான இளவரசியும் பொருந்துகிறார், அயர்லாந்தில் நிலமில்லாத இளவரசரின் பெண்ணும் பொருந்துகிறார்.

என் யோசனை இது. பண்டிங் எழுதியது கேரலன் இறந்து நூற்றிரண்டு வருஷம் கழித்து. அதற்குள் மெட்டு கடல் தாண்டிப் பலமுறை போய் வந்திருக்க முடியும். 1724இல் டப்ளினில் நீல் என்பவர் அச்சிட்ட ஐரிஷ் மெட்டுத் தொகுப்பில் கேரலனின் மெட்டுகள் பல இருக்கின்றன, அங்கே இது இல்லை. பாணியை வைத்துச் சொல்லலாமா என்றால், கேரலனுக்கு இத்தாலிய இசையமைப்பாளர் கொரெல்லி மேல் பெரிய ஈடுபாடு, இந்த மெட்டிலும் அந்த இத்தாலிய வாசனை எனக்குக் கேட்கிறது, ஆனால் 1730இல் லண்டனில் நடன மெட்டுப் போட்ட ஒவ்வொருவனும் கொரெல்லியைக் கரைத்துக் குடித்தவன்தான். ஆகவே பாணி சாட்சி சொல்லாது.

ஒன்று மட்டும் கேரலன் பக்கம் கனமாக நிற்கிறது. இந்த மெட்டின் வாக்கியங்கள் நடனக்காரன் எதிர்பார்ப்பதைவிட நீளமானவை. ஒரு மூச்சில் முடியவேண்டிய இடத்தில் முடியாமல் இன்னொரு வளைவு எடுத்து இறங்குகின்றன. கண் தெரியாத ஒருவர் விரல் நுனியில் தந்திகளை எண்ணியபடி போட்ட வளைவு என்று நம்ப ஆசையாக இருக்கிறது. இங்கே கல்லறைப் பக்கத்தில் இருப்பதால் அப்படித் தோன்றுகிறதோ என்றும் பார்த்தேன், இல்லை, வீட்டில் வாசிக்கும்போதும் அப்படித்தான். தீர்ப்பு எழுதச் சொன்னால் "கேரலனாக இருக்கலாம்" என்பதைத் தாண்டி ஒரு சொல் எழுதமாட்டேன். "ஷீல்ட் இல்லை" என்பதை மட்டும் அழுத்தி எழுதுவேன்.

ஞாயிறு, ஹெடிங்டன் குவாரி

பர்மிங்ஹாம் வழியாக ஆக்ஸ்ஃபோர்டு. நகரத்தின் கிழக்கு ஓரத்தில் ஹெடிங்டன் குவாரி, கல் வெட்டி எடுத்த பள்ளங்களுக்கு இடையே வீடுகள். 1899 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், பக்கத்தில் மாமியார் வீட்டில் தங்கியிருந்த செசில் ஷார்ப் முதன்முதலாக மோரிஸ் என்ற கிராமத்து ஆட்டத்தைப் பார்த்தது இங்கேதான். கடும் குளிரில் வேலை இல்லாமல் நாலு காசு சேர்க்க வந்த கொத்தனார்கள். வில்லியம் கிம்பர் என்ற இளைஞர் கன்சர்ட்டினா என்ற சிறு கைத்துருத்தி வாத்தியம் வாசித்தார். மறுநாள் அவரை வரவழைத்து ஷார்ப் சில மெட்டுகளை எழுதிக்கொண்டார். கிம்பரின் கல்லறை இங்கே ஹோலி ட்ரினிட்டி தேவாலயத்தில் இருக்கிறது.

அன்று எழுதியவற்றில் ஒன்று 'ரிக்ஸ் ஓ மார்லோ'. ஐரிஷ் மெட்டான 'ரேக்ஸ் ஆஃப் மாலோ'வின் ஊர் வடிவம். தமிழ்நாட்டில் சங்கீதம் கற்றவர்களுக்கு இது தெரிந்த மெட்டு: முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டுஸ்வர சாகித்தியங்களில் வரும் 'வந்தே மீனாட்சி' இதில்தான் அமைந்தது. மதராஸ் கோட்டைப் பக்கம் பேண்டு வாசித்த மெட்டைத் தீட்சிதர் சங்கராபரணத்தில் எடுத்துக்கொண்ட அதே காலத்தில், இங்கே கல்லுடைப்பவர்களும் கொத்தனார்களும் அதைச் சலங்கை கட்டி ஆடியிருக்கிறார்கள். இதைத் தெரிந்துகொண்டபோது ஏற்பட்ட சந்தோஷத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

திங்கள், பாம்ப்டன்

மே மாதக் கடைசித் திங்கள், வங்கி விடுமுறை. இந்தப் பயணத்தின் தேதிகளை இந்த ஒரு நாளை வைத்துத்தான் போட்டேன். ஆக்ஸ்ஃபோர்டுக்கு மேற்கே பாம்ப்டன், கல் வீடுகளும் உயரமான தேவாலயக் கோபுரமும் உள்ள கிராமம். 'டவுன்டன் ஆபி' தொடரில் கிராமமாக வருவது இதுவே, அதற்காக வரும் கூட்டமும் உண்டு. இன்று எல்லாக் கண்ணும் ஆட்டக்காரர்கள் மேல்.

வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, பூச்சுற்றிய கறுப்புத் தொப்பி, ரிப்பன், முழங்காலுக்குக் கீழே சலங்கைப் பட்டை, கையில் கைக்குட்டை. காலையிலேயே தொடங்கி வீடு வீடாகத் தோட்டத்தில் ஆடுகிறார்கள், வீட்டுக்காரர் குடிக்கக் கொடுக்கிறார். ஒருவர் வாளின் நுனியில் தகரப் பெட்டியைச் செருகி அதற்குள் கேக் வைத்துக்கொண்டு வருகிறார், ஒரு துண்டு வாங்கித் தின்றால் நல்லது நடக்குமாம். வாங்கித் தின்றேன். ஒரு கிராமத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட குழு, ஒவ்வொன்றும் தங்கள் வழி, தங்கள் வாத்தியக்காரர்.

இந்த ஊரின் பெரிய ஃபிடில்காரர் வில்லியம் வெல்ஸ், ஜிங்கி என்று கூப்பிடுவார்கள், 1868இல் பிறந்து 1953 வரை வாழ்ந்தவர். ஆட்டத்தில் கோமாளி வேஷமும் அவரே போட்டிருக்கிறார். ஷார்ப் இவரிடமும் வந்து எழுதிக்கொண்டார். இங்கே மட்டும் இல்லை, அபிங்டன், லாங்பரோ, பிளெடிங்டன், ஷெர்போர்ன் என்று சுற்று வட்டார ஊர்களில் எல்லாம் பிரின்சஸ் ராயல் இருந்தது, ஆனால் ஊருக்கு ஊர் வேறு. சில ஊர்களில் மைனர் அப்படியே நின்றது. சில ஊர்களில் முழுக்க மேஜராகி, நடபைரவியில் கிளம்பியது சங்கராபரணத்தில் வந்து நிற்கிறது. யாரும் உட்கார்ந்து திட்டம் போட்டு மாற்றியதாகத் தெரியவில்லை. பாட்டுத் தாளில் வந்ததும், பட்டாளத்து பேண்டில் கேட்டதும், அப்பா வாசித்ததும் கலந்து கலந்து ஊருக்கு ஒன்றாகிவிட்டது.

மோரிஸில் இது ஜிக், அதாவது ஒருவரோ இருவரோ ஆடும் தனி ஆட்டம். மதியம் ஒரு தோட்டத்தில் ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவர் முன்னால் வந்தார், ஃபிடில்காரர் அவரை ஒருமுறை பார்த்துவிட்டு வில்லை வைத்தார். முதல் பகுதி சாதாரண நடையில் போகிறது. அப்புறம் ஆட்டக்காரர் உயரத் துள்ளும் இடம் வரும்போது மெட்டு பாதி வேகத்துக்கு இறங்குகிறது. துள்ளி மேலே போனவர் தரைக்கு வரும் வரைக்கும் ஃபிடில்காரர் சுரத்தை நீட்டிப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறார், கால் தரையில் பட்டு சலங்கை ஒலித்தபிறகுதான் அடுத்த சுரம். தாளம் வில்லில் இல்லை, ஆட்டக்காரரின் முழங்காலில் இருக்கிறது. நட்டுவனார் ஆடுபவரின் பாதத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் இருப்பாரே, அதேதான்.

வால்ஷ் புத்தகத்தில் இந்த மெதுவான பகுதி கிடையாது. அரெதூசாவிலும் கிடையாது, பண்டிங்கிலும் கிடையாது. அந்த நீளமான வாக்கியங்கள், நடனத்துக்கு அதிகம் என்று நான் கில்ரோனனில் எழுதினேனே, அவற்றின் வளைவுகளில்தான் இங்கே துள்ளல்களை வைத்திருக்கிறார்கள். மெட்டின் உபரி இடத்தை ஆட்டக்காரர்கள் கண்டுபிடித்துக் குடியேறியிருக்கிறார்கள். இதைச் செய்தவர்களின் பெயர் எந்த அச்சிலும் இல்லை. கச்சேரி நிகழ்ச்சி நிரலில் "இசை: ஷீல்ட்" என்று இனி யாராவது போட்டால் தயவுசெய்து "மரபு மெட்டு" என்று மாற்றச் சொல்லுங்கள், கேரலன் பெயரைப் போடுவதானால் "என்று சொல்லப்படுகிறது" என்று சேர்க்கச் சொல்லுங்கள், ஆட்டத்துக்கு வாசிப்பதானால் எந்த ஊர் வடிவம் என்று கட்டாயம் எழுதச் சொல்லுங்கள்.

ஆட்டம் முடிந்ததும் அந்த ஃபிடில்காரரிடம் போய் மெதுவான பகுதியை எப்படிப் பழகினீர்கள் என்று கேட்டேன். தனியாகப் பழக முடியாது, எதிரே ஆள் ஆடவேண்டும், ஆளுக்கு ஆள் அளவு மாறும், இந்த மனிதர் இளைஞராக இருந்தபோது இன்னும் நீட்டி வாசித்தேன் என்றார். அடுத்த தோட்டத்துக்குக் கிளம்பிவிட்டார்கள், பின்னாலேயே நானும் போகிறேன், மாலை வரை ஆட்டம் உண்டு.